அரசு வேலையாகச் செய்ததற்கு உங்கள் பெயரில் சிவில் வழக்கு வந்தால்: கடலோரக் கிராமங்களில் பணியாற்றுவோருக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு மீனவக் கிராமத்தில் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். கடலுக்குப் போகும் பாதைப் புறம்போக்கில் ஒருவர் பனைமட்டையும் முள்கம்பியும் கட்டி வேலி அடைத்துவிட்டார். வலையைத் தூக்கிக்கொண்டு அரை மைல் சுற்றித்தான் கரைக்குப் போக வேண்டும் என்ற நிலை. வட்டாட்சியர் உத்தரவு போட்டார், நில அளவரோடு போய் வேலியை எடுத்தோம். ஐந்து மாதம் கழித்து எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. தனிப்பட்ட விரோதத்தில் வேலியைப் பிடுங்கி, தென்னங்கன்றுகளை அழித்துவிட்டேன் என்றும், 4 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

அந்த நோட்டீஸை அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) கட்டுக்குள் சொருகி வைத்தேன். அரசு வேலையாகச் செய்ததுதானே, அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். அரசு பார்த்துக்கொள்ளவில்லை. யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. அப்படி ஒரு நோட்டீஸ் வந்திருப்பதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த நான்கு ஆண்டுகள் நான் அலைந்த அலைச்சலுக்கு அந்த ஒரு நாள் சோம்பல்தான் காரணம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கடலோரத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் கிராம நிர்வாக அலுவலர்கள், நில அளவர்கள், மீன்வளத் துறை ஆய்வாளர்கள், வனத்துறையினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. கிரிமினல் புகாருக்கு வழி வேறு. அதைக் கடைசியில் இரண்டு வரியில் சொல்கிறேன். இங்கே பேசப்போவது சிவில் வழக்கு மட்டும்.

1. நோட்டீஸ் வந்த தேதியை அன்றே பதிவு செய்யுங்கள்

பதவியின் பெயரால் செய்த செயலுக்காக அரசு ஊழியர் மேல் சிவில் வழக்குப் போட வேண்டுமென்றால், முதலில் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு இதைச் சொல்கிறது. நம் ஊர் வக்கீல்கள் இதை ‘எய்ட்டி நோட்டீஸ்’ என்பார்கள். அறிவிப்பில் அனுப்புகிறவரின் பெயர், விவரம், வசிக்கும் இடம், வழக்குக்கான காரணம், அவர் கேட்கும் பரிகாரம் எல்லாம் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு மாதம் உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட காலம். உறையைக் கிழித்து எறியாதீர்கள். அஞ்சல் முத்திரை தெரிகிற மாதிரி நோட்டீஸோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். தபால் பதிவேட்டில் எண் போடுங்கள். உங்கள் செல்போன் நாள்காட்டியில் 60-வது நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். சம்பவம் நடந்த தேதி என்ன? சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் ஒரு செயலுக்கு நஷ்டஈடு கேட்க, 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 72-வது இனம் ஓராண்டுதான் தருகிறது. நோட்டீஸுக்கான இரண்டு மாதம் அந்த ஓராண்டுக் கணக்கில் சேராது. அதாவது ஏறத்தாழ 14 மாதம். அதைத் தாண்டி வந்த வழக்கு என்றால், முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி அரசு வழக்கறிஞருக்குக் கொடுங்கள். நீங்கள் நல்லெண்ணமில்லாமல் செய்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடி இந்த வரம்பைத் தாண்டப் பார்க்கும். என் நோட்டீஸில் ‘தனிப்பட்ட விரோதம்’ என்ற சொல் வந்தது அதற்காகத்தான்.

2. பெயரிலா, பதவியிலா என்று பாருங்கள்

நோட்டீஸில் ‘கிராம நிர்வாக அலுவலர், இன்ன கிராமம்’ என்று இருந்தால் அது பதவிக்கு வந்தது. நீங்கள் மாறுதலாகிப் போனால் அடுத்து வருகிறவர் பார்ப்பார். உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் போட்டிருந்தால், அந்த வழக்கு உங்களோடு பரமக்குடிக்கும் வரும், கமுதிக்கும் வரும், ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கும் வரும்.

பெயரில் வந்ததாலேயே அது தனிப்பட்ட வழக்காகிவிடாது. செயல் பதவியின் பெயரால் நடந்ததா என்பதுதான் கேள்வி. அப்படியானால் 80-வது பிரிவின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. அதோடு, அரசு ஊழியர் பதவி முறையில் செய்ததற்காக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் அரசையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்த்தே ஆக வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 27, விதி 5-ஏ அதைச் சொல்கிறது. என் வழக்கில் எதிர்த்தரப்பு அரசைச் சேர்க்கவே இல்லை. எதிருரையில் (வழக்குக்கு நாங்கள் தாக்கல் செய்த பதிலில்) நாங்கள் எடுத்த முதல் ஆட்சேபணையே அதுதான்.

மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தாது. உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம்தான் முதலில் போக வேண்டும்.

3. பதில் போகாமல் விடாதீர்கள்

‘நோட்டீஸுக்கெல்லாம் பதில் எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பான், பேசாமல் இரு’ என்று அலுவலகத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். எனக்கும் சொன்னார்கள். அது தவறு. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: 80-வது பிரிவு நோட்டீஸுக்குப் பதிலே அனுப்பாவிட்டாலோ, மழுப்பலாக அனுப்பினாலோ, நீதிமன்றம் பொதுவாக அரசு மேல் கடுமையான செலவுத்தொகை விதிக்கலாம், அதைப் பொறுப்பான அலுவலரிடமிருந்து வசூலிக்கவும் சொல்லலாம். பதிலனுப்ப ஒவ்வொரு துறையிலும் ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிடாதீர்கள். வரைவை மட்டும் தயார் செய்து மேலே அனுப்புங்கள். அவசரத்தில் ‘வேலியை எடுத்தபோது சில கன்றுகள் சேதமானது உண்மைதான்’ என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, நான்கு ஆண்டு கழித்து சாட்சிக் கூண்டில் உங்கள் முன்னால் வாசிக்கப்படும்.

4. அரசே வழக்கை நடத்த வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அரசு உங்களுக்காக வாதாடுவது தானாக நடப்பதில்லை. அரசு அந்த வழக்கை ஏற்க வேண்டும், அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் தர வேண்டும், அவர் நீதிமன்றத்தில் அதைச் சொல்லிப் பதிவேட்டில் குறிக்க வைக்க வேண்டும். கட்டளை 27, விதி 8 அது. குறித்த நாளில் அப்படி ஒரு மனு வராவிட்டால், வழக்கு இரண்டு தனியார் இடையிலான வழக்கைப் போலவே நடக்கும். என் வழக்கில் நடந்தது அதுதான். முதல் வாய்தாவில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருந்தார், வேறு வழக்குக்காக. என் பெயரைக் கூப்பிட்டபோது அவருக்கு என்னைத் தெரியாது.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: நோட்டீஸ் கிடைத்த தேதி. சம்பவம் நடந்த தேதி, இடம், புல எண். எந்த உத்தரவின் பேரில் செய்தீர்கள், அதன் எண், தேதி. உத்தரவு போட்டவர் எந்தப் பதவி. அப்புறம் தெளிவாக ஒரு வரி: ‘இச்செயல் முழுக்க அலுவல் கடமையின் பகுதியாகச் செய்யப்பட்டது என்பதால், அரசே என் சார்பில் வழக்கை நடத்த ஆவன செய்யுமாறும், அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.’ இந்த வரி இல்லாத கடிதம் வெறும் தகவல் கடிதம். தகவல் கடிதத்தைக் கோப்பில் கட்டி வைப்பார்கள்.

இதை வட்டாட்சியர் வழியாக அனுப்புங்கள். முன்நகல் ஒன்று பட்டணம்காத்தானில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில், வழக்குகளைப் பார்க்கும் பிரிவுக்கு. இரண்டிலும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள். நான் போனபோது, அங்கே இருந்த ஒரு வயதான கண்காணிப்பாளர் என் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உங்க கஷ்டத்தை நாலு பக்கம் எழுதிருக்கீங்க. என்ன வேணும்னு எங்கயும் எழுதல.” அவர்தான் மேலே சொன்ன வரியைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

கடலோரக் காவல்படை, சுங்கத்துறை, ரயில்வே என்று மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் 8.1.1959 தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணைதான் அடிப்படை. தனியார் தொடுத்த வழக்கு உங்கள் அலுவல் கடமை தொடர்பானது, அரசே நடத்துவது பொதுநலனுக்கு நல்லது என்று அரசு கருதி, நீங்களும் சம்மதித்தால், ஓர் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அரசு தன் மேல் வந்த வழக்காகவே நடத்தும். அலுவலோடு தொடர்பில்லாத வழக்குக்கும், அரசே உங்கள் மேல் தொடுத்த வழக்குக்கும் உதவி கிடையாது.

5. கேஸ் கட்டைச் சம்பவத்தன்றே கட்டுங்கள்

நோட்டீஸ் வந்த பிறகு ஆவணம் தேடுவது, காற்றடித்த பிறகு பாய்மரத்தை இறக்குவது மாதிரி. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த முதல் நாள் காகிதத்தில்தான்.

என்னைக் காப்பாற்றியது ஒரு மகஜர், அதாவது சம்பவ இடத்திலேயே சாட்சி வைத்து எழுதும் குறிப்பு. வேலி எடுத்த அன்று காலை பதினொரு மணிக்கு, ஜீப்பின் முன்மூடி மேல் வைத்து எழுதினேன். ஆடி மாதக் காற்று. தாளின் நான்கு மூலையிலும் நில அளவர் கல் வைத்தார், ஐந்தாவதாகத் தன் உள்ளங்கையை வைத்தார். எத்தனை கம்பம், எத்தனை அடி முள்கம்பி, அகற்றிய பொருளை எங்கே வைத்தோம் என்று எழுதினேன். கடைசி வரியாக, நில அளவர் சொன்னதால், ‘பாதையில் மரமோ கன்றோ எதுவும் இல்லை’ என்று சேர்த்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தென்னங்கன்று அழிந்ததாகச் சொன்ன 4 லட்சம் ரூபாய்க் கோரிக்கை அந்த ஒரு வரியில்தான் விழுந்தது.

உங்கள் கட்டில் இருக்க வேண்டியவை:

- மேலதிகாரியின் எழுத்து உத்தரவு. வாய்மொழி உத்தரவு என்றால், வேலை முடிந்த அன்றே ‘தங்கள் வாய்மொழி அறிவுரைப்படி’ என்று தொடங்கி அறிக்கை அனுப்பி, அலுவலக நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
- ஆக்கிரமிப்பு என்றால், 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு அறிவிப்பும் 6-வது பிரிவு உத்தரவும், அவை சார்வு செய்யப்பட்டதற்கான (உரியவரிடம் சேர்க்கப்பட்டதற்கான) கையொப்பமும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டி, இரண்டு சாட்சியோடு குறிப்பு.
- ‘அ’ பதிவேட்டுச் சுருக்கம், புலப்பட நகல், அடங்கல், நில அளவரின் அறிக்கை.
- மகஜர். உள்ளூர் சாட்சி குறைந்தது இரண்டு பேர்.
- படங்கள். முன்னும் பின்னும், ஒரே இடத்தில் நின்று எடுத்தவை.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் எடுத்த படத்தை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது. பாரதிய சாட்சியச் சட்டம் 2023-இன் 63-வது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65-பி. படம் எடுத்த போனை மாற்றும்போது மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

மீன்வளத் துறை நண்பர்களே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகைப் பிடிக்கும்போது, படகின் பதிவு எண், பிடித்த நேரம், இடத்தின் அட்ச தீர்க்கம், படகில் இருந்த மீனின் அளவு, வலையின் நிலை எல்லாவற்றையும் எழுதிப் படகோட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். ‘மீன் அழுகிவிட்டது, வலை கிழிந்துவிட்டது’ என்பதுதான் பின்னால் வரும் வழக்கு. மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதியில் கடல் அட்டை பறிமுதல் செய்யும் வனத்துறையினருக்கும் இதேதான்.

எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்களிடம் வீட்டில் இருக்கட்டும். மாறுதலில் போகும்போது கோப்பு அலுவலகத்தில் தங்கிவிடும், வழக்கு உங்களோடு வரும்.

6. சம்மன் வந்த பிறகு ஒவ்வொரு வாய்தாவும் உங்களுடையது

சம்மன் பெரும்பாலும் அலுவலகத் தலைவர் வழியாக வரும். கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீளும். அரசிடம் கேட்டுப் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்று அரசு ஊழியர் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். அது கட்டளை 27, விதி 7. பலருக்கும் இது தெரியாது.

முதல் வேலை, பிராதுக்கு (எதிர்த்தரப்பு தாக்கல் செய்த வழக்குரைக்கு) பத்திவாரியாகப் பதில் எழுதுவது. பிராதில் 14 பத்தி என்றால் 14 பதில். ‘உண்மை’, ‘உண்மையல்ல, காரணம் இது, ஆவணம் இது’, ‘எனக்குத் தெரியாது’ என்ற மூன்றில் ஒன்று. அரசு வழக்கறிஞர்களிடம் கட்டுக்கட்டாக வழக்குகள் இருக்கும். உங்கள் பத்திவாரிக் குறிப்பு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, எதிருரையும் அவ்வளவு தெளிவாக இருக்கும். கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கூட உட்கார்ந்து விளக்குங்கள்.

வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் மாலை பாருங்கள்.

நான் முதல் இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. எனக்கு எதிராக ஒருதலைபட்சத் தீர்ப்பு ஆனது. அதை நான் தெரிந்துகொண்டது, சம்பளத்தைப் பற்றுகை செய்யும் (தீர்ப்புத் தொகைக்காகப் பிடித்தம் செய்யும்) மனு அலுவலகத்துக்கு வந்தபோதுதான். ஒருதலைபட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். நான் தாமதித்ததால் தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, தீர்ப்பை நீக்க ஒரு மனு, நிறைவேற்றத்தை நிறுத்த ஒரு மனு என்று மூன்று போட்டு, வழக்கு மறுபடி உயிர் பெற ஏழு மாதமானது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் நேரில் நிற்க வேண்டியதில்லை. பொதுப்பணிக்கு இடையூறு இல்லாமல் வர முடியாது என்று நீதிமன்றம் கண்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 81-வது பிரிவின்படி நேரில் வருவதிலிருந்து விலக்கு உண்டு. தீர்ப்புக்கு முன்னால் உங்களைக் கைது செய்யவோ சொத்தைப் பற்றுகை செய்யவோ முடியாது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. வீட்டில் பயந்துபோய் இருப்பவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதால், வீட்டில் நகையை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்தார்கள்.

7. தடையாணை வந்துவிட்டால் கையைக் கட்டுங்கள்

சிலர் இரண்டு மாத நோட்டீஸ் இல்லாமலே, அவசரம் என்று நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போடுவார்கள். அப்படி வந்தாலும், அரசுத் தரப்புக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் இடைக்கால உத்தரவு போடக்கூடாது என்று 80-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

எதிர்த்தரப்புக்குத் தடையாணை (உறுத்துக்கட்டளை) கிடைத்துவிட்டது என்றால், அது தவறான உத்தரவாக இருந்தாலும், நீக்கப்படும் வரை மீறாதீர்கள். மீறினால் சொத்துப் பற்றுகை, மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று கட்டளை 39, விதி 2-ஏ சொல்கிறது. ‘மேலதிகாரி சொன்னார்’ என்பது அங்கே கேடயமாகாது. வாய்மொழியாகச் செய்யச் சொன்னால், உத்தரவின் நகலை இணைத்து, ‘நீதிமன்ற உத்தரவு நடப்பில் இருப்பதால் அறிவுரை வேண்டி’ என்று எழுத்தில் அனுப்புங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு உத்தரவு என்றால் அவமதிப்பு வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

8. செலவு

அரசே நடத்தினால் அரசு வழக்கறிஞர் கட்டணம் உங்களைச் சேராது. நகல், போக்குவரத்து, விடுப்பு என்று சில்லறையாகப் போவதுதான் உங்கள் செலவு. நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போகும் நாளுக்கு நீதிமன்றத்தில் வருகைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த நாள் விடுப்பாகிவிடும்.

சொந்த வக்கீல் வைப்பதாக இருந்தால், வைப்பதற்கு முன்னால் அனுமதி கேட்டு எழுதுங்கள். வைத்த பிறகு பணம் கேட்டால் கிடைப்பது அரிது. மத்திய அரசின் 1959 குறிப்பாணைப்படி, ஊழியரே தன் வழக்கை நடத்தினால், தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தால் நியாயமான செலவைத் திரும்பத் தருவது பரிசீலிக்கப்படும். வெற்றி மட்டும் போதாது, நீதிமன்றம் அவர் செயலை எந்த அளவுக்குச் சரியென்று ஏற்றது என்பதையும் பார்ப்பார்கள். நடுவில் கைச்செலவுக்கு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, 500 ரூபாய் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளம், எது அதிகமோ அதை வட்டியில்லா முன்பணமாகத் தரலாம். வக்கீல் கொடுக்கும் ஒவ்வொரு ரசீதையும் வழக்கு எண் போட்டு வாங்குங்கள்.

எதிர்த்தரப்புக்கும் செலவு உண்டு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 4 லட்சம் கேட்டவர் 12,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருக்கிறாரா என்று பிராதின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. காப்பீடு எதற்கு உதவும், எதற்கு உதவாது

நம் சம்பளத்தில் பிடிக்கும் மருத்துவக் காப்பீடு இதற்கு உதவாது. அது மருத்துவமனைச் செலவுக்கு மட்டும். சிலர் அதை நம்பி இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவர்களுக்கு மட்டும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. ஆனாலும் சிவில் நீதிமன்றத்தில் வழக்கு வரலாம், அதனால் எடுத்துவைப்பது நல்லது. எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். கோரிக்கை வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும், ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டால் பழைய சிகிச்சைக்கும் பாதுகாப்புப் போய்விடும். பின்தேதி, அதாவது எந்த நாளுக்குப் பிறகு தந்த சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டு என்பது, எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். நோட்டீஸ் வந்ததும் உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொண்டு எதையும் எழுதாதீர்கள்.

துறை ஜீப் ஓட்டுநர்களுக்கு: வணிக நோக்கமில்லாத அரசு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தருகிறது. விபத்து வழக்கில் ஓட்டுநர் பெயர்தான் முதலில் வரும். வாகன ஓட்டப் பதிவேட்டில் அன்றைய பயணத்தின் நோக்கமும் உத்தரவிட்டவரின் கையெழுத்தும் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும் முன்பே பாருங்கள்.

10. தோற்றால் என்ன போகும்

பயத்தை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. பணத் தீர்ப்புக்காகச் சம்பளத்தைப் பற்றினால், முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கணக்கில் சேரும் சம்பளம் 40,000 என்றால், பற்றக்கூடியது மாதம் 13,000. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பற்றிய பிறகு, அந்தத் தீர்ப்புக்காக மேலும் பற்ற முடியாது. அரசு தரும் ஓய்வூதியத்தையும் பொது வருங்கால வைப்பு நிதியையும் தொட முடியாது. இவையெல்லாம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் உள்ளவை.

ஆனால் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக நீதிமன்றம் கண்டால் அரசும் உங்களைக் கைவிடும். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், அலைக்கழிப்புக்கான இழப்பீட்டைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, பொறுப்பான அலுவலர்களிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. யாருக்காவது சாதகமாக, யாரையாவது பழிவாங்க என்று செய்த வேலைக்கு இந்தக் கட்டுரையில் எந்த வழியும் இல்லை, இருக்கவும் கூடாது.

கிரிமினல் புகார் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218-வது பிரிவின்படி முன் அனுமதி பற்றிப் பேச வேண்டும். பழைய சட்டத்தில் அது 197. நோட்டீஸில் அந்த வாசனை அடித்தால் உடனே தனி வக்கீலைப் பாருங்கள்.

11. தீர்ப்பு வந்த பிறகு

என் வழக்கு தள்ளுபடியாக நோட்டீஸ் நாளிலிருந்து நான்கு ஆண்டு மூன்று மாதம் ஆனது. தீர்ப்பு வந்த அன்று மாலை பாதையில் நடந்து கடற்கரைக்குப் போனேன். மகஜரில் கையெழுத்துப் போட்ட பெரியவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். “முடிஞ்சுதா தம்பி?” என்றார். இன்னும் மேல்முறையீட்டுக் காலம் இருக்கிறது என்றேன்.

அதை நீங்களும் நினைவில் வையுங்கள். முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பின் மேல் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் 90 நாள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் அன்றே நகல் மனுப் போடுங்கள். நகல் வந்ததும் ஒன்று வட்டாட்சியர் அலுவலகக் கோப்புக்கு, ஒன்று ஆட்சியர் அலுவலக வழக்குப் பிரிவுக்கு, ஒன்று வீட்டில். அந்தக் கிராமத்துக்கு அடுத்து வருகிறவரிடம் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் வழக்கு எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.